மழைப் பாட்டும் ஒரு தார்ப்பாயும்

புதுச்சேரியில் புதிதாக இசைக்குழு தொடங்கியிருக்கும் மூன்று பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என்னுடைய பழைய பாட்டு ஒன்றைத் தங்கள் பாணியில் மறுபடியும் பாடப்போகிறார்களாம். என்னுடைய பாட்டுகளில் எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இருப்பதே அது ஒன்றுதான். அனுமதி கேட்டார்கள். அந்தப் பாட்டின் மீது எனக்கு எந்த உரிமையும் கிடையாது என்பதால் தாராளமாகக் கொடுத்தேன். செருப்பு மாட்டும்போது அவர்களில் பாடுகிற பெண், "சார், அது ஹிட்டாகி ரெண்டு வருஷத்துல பாடறதயே விட்டுட்டீங்களாமே, ஏன் சார்?" என்று கேட்டாள். "கொரல் போயிடுச்சும்மா" என்றேன். துண்டுச் செய்திக்குப் போதுமான பதில். எப்படிப் போனது என்பதை எழுதினால் கொஞ்சம் நீளும்.

அந்த நாட்களில் நான் பகலில் ஒரு மாலைப் பத்திரிகையில் பிழை திருத்தினேன். ஆள் குறைந்த நாட்களில் விபத்து, திருட்டு, பாம்புக்கடி என்று சிறு செய்திகளும் எழுதினேன். சனி, ஞாயிறுகளில் ராக் பாடகன். பத்திரிகையில் மற்றவர் தவறுகளை நான் திருத்தினேன். மேடையில் என் தவறுகளைத் திருத்த ஒருவரும் துணியவில்லை. போஸ்டரில் என் பெயர் ராக்கி பாலு. ஊரில் வெறும் பாலு. சொந்த ஊர் மரக்காணத்துக்குப் பக்கம், உப்பளத்தை ஒட்டியது.

பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலின் வரவேற்பறையில் வேலை பார்த்த நண்பன் ஆங்கில கேசட்டுகள் கொடுத்தான். சொற்களைக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதி மனப்பாடம் செய்தேன். சில ஆண்டுகள் அதே ஓட்டலில் அவற்றைப் பாடினேன். வெளிநாட்டு விருந்தாளிகள் கண் கலங்கச் சிரித்துக் கைதட்டினார்கள். நான் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். பெரிய முதலியார்சாவடி விருந்தினர் விடுதி ஒன்றில், நான் பாடியது எந்த ஆப்பிரிக்க மொழி என்று ஒரு வெள்ளைக்காரர் மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். அதன் பிறகு தமிழில் பாடத் தொடங்கினேன்.

எங்கள் குழுவின் தலைவர் அந்துவான் மாஸ்டர். கீபோர்டு வாசிப்பார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. "அன், தெ, த்ருவா" என்று பிரெஞ்சில் எண்ணித்தான் பாட்டைத் தொடங்குவார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. பாடகன் சுருதி விலகினால் இடது கையால் வாசித்துக்கொண்டே வலது கையால் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொள்வார், அவ்வளவுதான். பின்னால் டிரம்ஸ்காரர் சிரிப்பதைக் கேட்டு, சீப்பு வெளியே வந்துவிட்டது என்று நான் தெரிந்துகொள்வேன். எங்கள் ஊர்ப் பக்கம் மாஸ்டரின் தலை கலைந்து பார்த்தவர் கிடையாது. அதில் என் பங்கு பெரியது.

கடற்கரையில் கச்சேரி செய்பவர்களுக்கு ரசிகர்களை விடப் பெரிய தொல்லை உப்புக்காற்று. மைக்கின் வலைக்கூடு துருப்பிடிக்கும், ஒயர் முனைகள் பச்சை பூக்கும், நல்ல பாட்டின் நடுவே ஸ்பீக்கர் சட்டியில் மீன் பொரிவது போலச் சத்தம் போடும். அதனால் மாஸ்டர் ஒரு முறை வைத்திருந்தார். ஊர் வந்ததும் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். ஆம்ப்ளிஃபயர்கள் கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். பழைய வேட்டித் துணியில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு ஒயர் முனையையும் துடைத்துத்தான் சொருகுவார். முடிந்ததும் அணைப்பதிலும் வரிசை உண்டு. முதலில் சத்தத்தைக் குறைக்க வேண்டும், பிறகு ஆம்ப்ளிஃபயர், பிறகு மிக்ஸர், கடைசியில் கீபோர்டு. அந்தக் கீபோர்டு பிரான்சில் இருந்த அவருடைய தம்பி அனுப்பியது. அதை அவர் கைக்குழந்தை போலத் துணி சுற்றித்தான் தூக்குவார். திறந்தவெளி என்றால் மேடைக்கு மேல் தார்ப்பாய் கட்டியே ஆக வேண்டும். "மேல தார்ப்பா இல்லன்னா கீழ அந்துவான் இல்ல" என்று கச்சேரி பேச வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் அது சிரிப்பு அல்ல.

இனி அந்தப் பாட்டு. 2004ஆம் ஆண்டு, சென்னையில் மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த சமயம். மழையைக் கூப்பிட்டு ஒரு ராக் பாட்டு வேண்டும் என்று ஒரு கேசட் கம்பெனிக்காரர் கேட்டார். உப்பளத்துக்காரன் மகனாகிய நான் அதை எழுதி, தகரக் கூரை போட்ட ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நெஞ்சு வெடிக்கப் பாடினேன். வரிக்கு வரி 'மழையே வா' என்று வரும். பாட்டு பிடித்துக்கொண்டது. கேபிள் டிவியில் ஓயாமல் ஓடியது. பாட்டுக்கென்று எடுத்த படத்தில் வாயசைத்தது ஓர் இளைஞன், தலை நிறைய முடி உள்ளவன். எனக்கு அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பின்மண்டை வெட்டவெளியானதை மறைக்கத் தலையில் கைக்குட்டை கட்டியிருந்தேன். பாடியது நான், நனைந்தது அவன். அந்தத் தொழிலைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்குவதில்லை.

அந்தப் பாட்டை நான் பாட முடியாத ஒரே ஊர் என் ஊர். உப்பு வாரும் மாதங்களில் எங்கள் பக்கம் மழை என்ற சொல்லை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள். "மானத்துல அது இருக்குதா பாரு" என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்தவன் அதை வா வா என்று ஊர் ஊராகக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அக்காவின் கணவர் ஏழுமலை மாமா குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு வாருகிறவர். என் பாட்டைப் பற்றி அவர் சொன்ன ஒரே விமர்சனம், "உம் தம்பி ஏன் இப்டிக் கத்துறான்?" என்று அக்காவிடம் கேட்டது. அவளும் என்னை மேடையில் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் கடல் ஏறி வந்தது. பாத்திகளில் சேறு படிந்து அடுத்த பருவம் வீணாயிற்று. கரையோர ஊர்களில் வெகுநாள் மைக் செட் கட்டவில்லை. நாங்களும் கேட்டுப் போகவில்லை. 2005 கடைசியில் அது கொட்டித் தீர்த்தது, சரிசெய்து வைத்த வரப்புகளும் உடைந்தன. ஆக, 2006 கோடைதான் எங்கள் ஊருக்கு மூச்சு விட வாய்த்தது. உப்பு நன்றாக விளைந்தது. அம்மன் கோயில் திருவிழாவைப் பழையபடி நடத்துவது என்று முடிவாகி, விழாக் கமிட்டியில் இருந்த ஏழுமலை மாமா பத்திரிகை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, பிழை திருத்தும் மேசைக்கு எதிரில் நின்றார்.

"மச்சான், இந்த வாட்டி உன் கச்சேரிதான். பசங்க ஒத்தக்கால்ல நிக்குறானுங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. அந்தப் பாட்டு மட்டும் வேணாம்பா."

பாட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு மாஸ்டரின் நிபந்தனையைச் சொல்ல வேண்டி வந்தது. உப்பு வாரும் மாதத்தில் மேடைக்குத் தார்ப்பாய் கேட்பது கல்யாண வீட்டில் பாடைக்கு மூங்கில் விசாரிப்பது மாதிரி. தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் மேசை மேல் இருந்த மை பாட்டிலைப் பார்த்தார். "கட்டிடலாம்" என்றார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. செய்தியில் கேட்க வேண்டியதை வாழ்க்கையில் கேட்காமல் விடுவது எனக்குப் பழக்கம்.

கச்சேரி வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கியது. எங்கள் ஊரில் அப்படித்தான். விடியுமுன் பாத்தியில் இறங்க வேண்டியவர்கள் எட்டு மணிக்கு மேல் எவனுக்காகவும் விழித்திருக்க மாட்டார்கள். நான் வெள்ளி நிற கால்சட்டையும் கறுப்பு ரெக்சின் ஜாக்கெட்டும் அணிந்து மேடையேறினேன். சித்திரை மாத உப்பளக் காற்றில் ரெக்சின் ஜாக்கெட் என்பது இட்லிப் பானைக்குள் நிற்பது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "டிவியில வர்றவன் எங்கப்பா? இவுரு அவங்கப்பாவா?" என்று கேட்டது மைக் வரைக்கும் கேட்டது.

நான்கு பாட்டு வரை மரியாதையாக இருந்தார்கள். மரியாதை என்பது ஒரு ராக் பாடகனுக்கு நடக்கக்கூடியவற்றில் மிக மோசமானது. மாஸ்டர் இரண்டு முறை தலை வாரிவிட்டார். ஐந்தாவது பாட்டில் பையன்கள் தொடங்கினார்கள். "அந்தப் பாட்டு... அந்தப் பாட்டு..." பெரியவர்கள் திரும்பி முறைத்தார்கள். மாமா மேடைக்குக் கீழே கைகட்டி நின்றார். மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து, ஹிட்டைப் பாடாமல் இறங்கினால் அடுத்த ஊர் கூப்பிடாது என்று முணுமுணுத்தார். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம்.

என் வாழ்நாளில் எனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை அப்போது தோன்றியது. மாஸ்டரிடம் அதே மெட்டைத் தொடங்கச் சொன்னேன். பெரியவர்களில் சிலர் எழுந்துவிட்டார்கள். நான் மைக்கை வாயருகே கொண்டுபோய், 'மழையே வா' என்று வரவேண்டிய இடத்தில், வானத்தைப் பார்த்துக் கையை உதறி, "ஏ, அதே... போ!" என்று பாடினேன்.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் சிரிப்பு கேட்டது, அதன் பிறகு எல்லாருடையதும். அடுத்த முறை நான் 'அதே' என்றதும் ஊரே 'போ' என்றது. உப்பு வாரிக் காய்த்த கைகள் மேலே போயின. எழுந்தவர்கள் நின்றபடியே கத்தினார்கள். இரண்டு வருட நஷ்டத்தையும் சேர்த்து வானத்தைத் திட்டுகிற மாதிரி இருந்தது. ராக் இசை என்றால் இதுதான் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படித்திருந்தேன், பார்த்தது அன்றுதான். நான் மேடையில் குதித்தேன். சீப்பு வெளியே வரவில்லை.

மேற்கே இருட்டிக்கொண்டு வந்ததை நானும் பார்க்கத்தான் செய்தேன். பொழுது சாய்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் மாஸ்டர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தபோது மேடையின் பின்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கை அசைத்துக் கூப்பிட்டாள். என்னைப் பாராட்ட வந்திருக்கிறாள் என்று எண்ணி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"பாலு, நிறுத்துடா."

"ஏங்க்கா?"

"மேல கட்டியிருக்கறது எங்க தார்ப்பாடா. உப்புக் குவியல் தொறந்து கெடக்குது."

அண்ணாந்து பார்த்தேன். நீலத் தார்ப்பாய், புதியது, ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. செய்தி எழுதுகிறவன் வந்தவுடன் பார்த்திருக்க வேண்டியது.

"மாமா சொல்லவே இல்லியே."

"அவரு எங்க சொல்லுவாரு? கூப்ட்டு வந்தவங்கள நனைய வுடுவாரா?"

மற்றவர்கள் குவியல்களைப் பனங்கீற்றால் மூடியிருந்தார்கள். மாமா கீற்றுகளை எடுத்துவிட்டு அந்த வருடம்தான் தார்ப்பாய் வாங்கியிருந்தார். உப்பை ஏற்ற லாரி வரும்வரை இரண்டு நாள் குவியல் திறந்திருந்தால் என்ன என்று துணிந்து, யாரிடமும் சொல்லாமல், அதை அவிழ்த்து என் தலைக்கு மேல் கட்டியிருக்கிறார். இரண்டு வருட நஷ்டத்துக்குப் பிறகு அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு குவியல்தான். அது கரைந்தால் குத்தகை கையை விட்டுப் போகும். அடுத்தவர் பாத்தியில் இருவரும் கூலிக்கு வார வேண்டியதுதான்.

முதல் துளி என் கைக்குட்டையில் விழுந்தது. மாமா கீழேயே நின்றார். வானத்தையும் பார்க்கவில்லை, குவியல் இருந்த திசையையும் பார்க்கவில்லை. விருந்தினரைப் பார்த்துச் சிரிக்கிற முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டரின் காதில் சொன்னேன். வாசித்தபடியே தலையைத் தூக்கித் தார்ப்பாயைப் பார்த்தார், பிறகு தன் கீபோர்டைப் பார்த்தார். பாட்டின் நடுவில் அவர் கை நின்று நான் பார்த்தது அன்றுதான். மாமா ஓடி வந்துவிட்டார்.

"மாஸ்டர், நீங்க நடத்துங்க. சும்மா தூத்தல்தான்."

"இல்லீங்க. எனக்குப் பாட்டு முடிஞ்சிருச்சு."

சொல்லிவிட்டு மாஸ்டர் தன் வரிசைப்படி அணைக்கத் தொடங்கினார். சத்தத்தைக் குறைத்தார். ஆம்ப்ளிஃபயர் ஒவ்வொன்றாக. துளிகள் பெரிதாகின. மிக்ஸர். அணைத்ததும் ஒயர் முனைகளைக் கழற்றித் துடைத்தார், ஆம், துடைத்தார். மூங்கில் காலருகே கயிற்று முடிச்சைப் பிடித்தபடி மாமா நின்றார். பையன்கள் இழுக்கப் போனபோது, "இருங்கடா, அவரு முடிக்கட்டும்" என்று தடுத்தார். தன் குவியல் கரையும்போது ஒருவர் இப்படி, தன் கீபோர்டு நனையப்போகும்போது இன்னொருவர் அப்படி. நடுவில் நான், வெள்ளிக் கால்சட்டையில். இரண்டு பண்பாளர்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டால் உப்பு மிஞ்சாது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்னை என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கறீங்க? அவுருங்க" என்றார்.

என் ரெக்சின் ஜாக்கெட்டைக் கழற்றிக் கீபோர்டின் மேல் போட்டேன். அது பாதியைத்தான் மூடியது. மீதிப் பாதிக்கு மாஸ்டர் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றினார்.

அந்தக் காற்றில் அவ்வளவு பெரிய தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட ஐம்பது பேராவது வேண்டும். கூட்டமோ நனையாத இடம் தேடிக் கலைந்துகொண்டிருந்தது. மைக் செத்துவிட்டது. மேடை விளிம்புக்கு வந்து, "டேய், போகாதீங்கடா, ஏழுமல குவியலுக்கு வாங்க, தார்ப்பாவப் புடிங்க" என்று கத்தினேன். அடிவயிற்றிலிருந்து, நான் எட்டியே இராத ஒரு சுருதியில். கோயில் தாண்டி, சாலை தாண்டிக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். என் பாட்டு எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை. கத்தி முடித்தபோது தொண்டைக்குள் ஏதோ நூல் அறுந்த மாதிரி இருந்தது.

எல்லாரும் திரும்பி வந்தார்கள். தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, சாலையைத் தாண்டி, வரப்புகள் மேல் வரிசையாக ஓடினோம். இரண்டு முறை விழுந்தேன். என்னைத் தூக்கி விட்ட பெண்மணி, "ஏங்க, இந்தப் பேண்ட்ட எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாள். குவியலின் உச்சி ஏற்கனவே குழைந்து வழிந்துகொண்டிருந்தது. போர்த்தினோம். ஆனால் காற்று. தார்ப்பாய் பாய்மரம் போலப் புடைத்து எழுந்தது. உப்பளத்தில் கல் ஏது, செங்கல் ஏது? கயிறு மேடையிலேயே கிடந்தது. ஏழுமலை மாமா ஓரத்தை இழுத்து அதன் மேல் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து அக்கா உட்கார்ந்தாள். குவியலைச் சுற்றி ஓரம் முழுக்க ஊரே வட்டமாக உட்கார்ந்தது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உச்சியில் கொஞ்சம் போனதோடு சரி, லாரி வந்தது, குத்தகை நிலைத்தது. கீபோர்டில் நடுவே ஆறேழு கட்டைகள் ஊமையாயின. மாஸ்டர் அதை வைத்துக்கொண்டு சில காலம் சமாளித்தார், பிறகு ஒரு தேவாலயத்தில் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியத்துக்கு மாறினார். மின்சாரம் வேண்டாம், தார்ப்பாய் வேண்டாம் என்றார். என் தொண்டையைப் பார்த்த மருத்துவர் பேச்சுக்குப் பழுதில்லை என்றார். குழு கலைந்தது. நான் பிழை திருத்தி ஓய்வு பெற்றேன். பெருமழை என்று எழுத முடியாது. அரை மணி நேரம்தான் பெய்தது.

அந்த அரை மணி நேரமும் நாங்கள் எழவில்லை. தலையிலிருந்து நீர் சொட்ட, உப்புத் தண்ணீரில் குந்தியபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். என் தலைக் கைக்குட்டை எப்போதோ பறந்துவிட்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஏழுமலை மாமா என் வழுக்கையை முதல்முறையாகப் பார்த்தார். கொஞ்சம் கழித்துத் தோளால் என்னை இடித்தார்.

"மச்சான், சும்மாதான உக்காந்திருக்க. ஏதாச்சும் பாடேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். சந்தைக்குப் போய் வந்த பிள்ளை என்ன கொண்டுவந்திருக்கிறான் என்று கையைப் பார்ப்பது போன்ற பார்வை. ராக் பாடகன் உட்கார்ந்து பாடுவதில்லை. பழக்கத்தில் எழப் போனேன். மாமா என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எழுந்துக்காத. பாடு, ஆனா எழுந்துக்காத. உன் வெயிட்டு வேணும்."

பாடினேன். பாதிக் காற்றாகத்தான் வந்தது. விட்ட சரணத்திலிருந்து தொடங்கினேன், 'போ' என்ற இடங்களை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். என் தொழில் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக, பாட்டு முடியும்வரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை. எழுந்திருந்தால் தார்ப்பாய் பறந்திருக்கும்.